வர்ற வயி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வண்டி விட்ட ஒரு தனியார் பஸ் கம்பெனியில் பத்து வருஷம் செக்கராக இருந்தேன். சாலவாக்கம் ஏரிக்கரையிலோ பெருநகர் கிராமத்துக்குப் போகும் வழியிலோ புளியமரத்தடியில் நின்று வண்டியைக் கைகாட்டி நிறுத்துவேன். ஏறியதும் டிக்கெட்டைக் கேட்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே வயலை ரசித்துக்கொண்டிருப்பான். தினமும் சேற்றில் நிற்கிறவனுக்கு அடுத்தவன் வயலைப் பார்ப்பதில் அவ்வளவு ஆசை ஏது? அப்படிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. பால்காரர் கொஞ்சம் கூட ஊற்றினால்கூட ஏன் ஊற்றினார் என்று யோசிப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் இப்படிப்பட்ட எனக்கு ஏழு நாடு சுற்றும் ஆசை வந்தது. ஒரே ரோட்டில் பத்து வருஷம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். பெருநகரில் அப்பா வழியில் வந்த நிலத்தை விற்றிருந்தேன், அதனால் கையிலும் வசதி இருந்தது. எனக்குக் கூட்டு, ஹைஸ்கூலில் பூகோளம் நடத்திய வாத்தியார். அவருக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது, கூட வர முடியாது. திட்டம் போடுவதற்கு லீவு எதற்கு என்பார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் மேஜையில் அட்லஸை விரித்துக்கொண்டு உட்காருவோம். ராமேஸ்வரத்திலிருந்து கப்பலில் இலங்கை. திரும்பி வந்து சென்னையில் கப்பல் ஏறினால் மலேசியா. அங்கிருந்து ரயிலில் தாய்லாந்து. மறுபடி கீழே இறங்கி சிங்கப்பூர், இந்தோனேசியா, ஹாங்காங், கடைசியில் ஜப்பான். ஹாங்காங் நாடே இல்லை, வெள்ளைக்காரன் கையில் இருக்கும் ஊர் என்று வாத்தியார் ஒரு வாரம் சண்டை பிடித்தார். அதை எடுத்துவிட்டால் ஆறாகிவிடுமே, ஏழு என்றால்தான் சொல்லிக்கொள்ள நன்றாயிருக்கும் என்று நானும் விடவில்லை.

எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்தேன். எந்த ஊரில் இறங்குவது, எதற்கு விசா வேண்டும், எங்கே தங்குவது, என்னென்ன எடுத்துக்கொண்டு போவது. மலேசியாவில் பினாங்கில் ஓட்டல் வைத்திருந்த தூரத்து உறவினர் ஒருவர், வந்தால் இங்கேயே வேலை போட்டுத் தருகிறேன் என்று எனக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மட்டும் வாத்தியாரிடம் காட்டவில்லை. நோட்டின் அட்டைக்குள் செருகி ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

என் மனைவி என் மாமன் மகள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. பயணத்தைப் பற்றி அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எப்போ வருவே மாமா?"

"இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள வர்றதப் பத்தி இன்னா?" என்பேன்.

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இதே பதில். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்ட மூன்றாம் மாதம் போலீஸ் விசாரணை வந்தது. ஏட்டு சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி, அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். தெருவே என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. "இன்னா கேஸு?" என்று எதிர்வீட்டுக்காரர் பரிவோடு விசாரித்தார். அந்தப் பரிவிலும் எனக்குச் சந்தேகம்தான். பத்து நாள் கழித்து ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

"யோவ் செக்கரு, உன் பேர்ல மொட்டைக் கடுதாசி வந்துகீது" என்றார் ஏட்டு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"அய்யா, பஸ் செக்கரு ஏயு நாடு போறதா சொல்லிகினு கீறாரு. நெலத்த வித்துட்டாரு. நோட்டுல போற வயி எயுதிகீறாரு. வர்ற வயி எயுதல. ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு போர்வைனு எயுதிகீறாரு. நீங்க கூப்ட்டு கேளுங்க."

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார். "நாயமான கேள்விதான? எப்போ வருவே, எந்த வயில வருவே, எல்லாம் எயுதிக் கையெயுத்து போட்டு திங்கக்கெயம குடு. இல்லன்னா நான் மேல இன்னான்னு ரிப்போர்ட் எயுதறது?"

அவர் பேசுவதும் 'எயுது', வாசித்ததும் 'எயுது'. கடிதத்தில் உண்மையில் என்ன எழுத்து இருந்தது என்று எப்படித் தெரியும்? கெஞ்சிக் கேட்டதில் காகிதத்தைக் காட்டினார். பென்சில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாகப் பெரிதாக, மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொட்டுக்கொண்டிருந்தது. 'வயி' என்றுதான் இருந்தது. பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாத எவனோ ஒருவன். அன்று மத்தியானமே வேட்டையைத் தொடங்கினேன்.

முதல் சந்தேகம், நான் மாட்டிவிட்டு வேலை போன கண்டக்டர் மேல். மார்க்கெட் பக்கம் காய்கறி எடைபோட்டுக்கொண்டிருந்தான். ஒரு விலாசம் வேண்டும் என்று பேனாவையும் காகிதத்தையும் நீட்டி, "போற வழி எப்படின்னு எழுதேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'போர வளி' என்று எழுதினான். தப்புதான், ஆனால் வேறு தப்பு. இவன் இல்லை. அடுத்தது என் பங்காளி. நிலத்தை அவருக்கு விற்கவில்லை என்று இரண்டு வருஷமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. டீக்கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் ஏழுமலையான் பெயரை எழுதச் சொன்னேன். அவருக்குக் கைநாட்டு மட்டும்தான். அதை மறந்துபோய்க் கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே அவமானப்படுத்த வந்தேன் என்று இன்னொரு சண்டை ஆனது. டீக்கடைக்காரர் 'வழி' என்று அச்சுப்போல் எழுதிக் காட்டிவிட்டு, "இன்னா செக்கரே, பரீட்சையா?" என்று சிரித்தார்.

அப்புறம்தான் உறைத்தது. நோட்டில் இருப்பது யாருக்குத் தெரியும்? டம்ளரும் தட்டும் போர்வையும் வெளியாள் யாருக்குத் தெரியும்? வாத்தியாருக்குத்தான். தன்னால் போக முடியவில்லை, நான் மட்டும் போகிறேன் என்ற வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார். எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கடிதத்தில் என்ன இருந்தது, அப்படியே சொல் என்றார். எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது, ஒப்பித்தேன்.

"மொட்டைக் கடுதாசில எவனாவது 'கீறாரு'ன்னு மரியாத குடுப்பானா?" என்றார். "இவன், அவன், கள்ளக்கடத்தல் பண்றான்னு இல்ல எழுதுவான்? இதுல உன் மேல ஒரு புகாரும் இல்ல. கேளுங்கன்னு மட்டும் கீது." பிறகு கேட்டார். "வர்ற வழியையும் எழுதுன்னு நானே எத்தினி தடவ சொல்லிகீறேன்? அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்னியே. ஏன் எழுதல?"

நான் தெருவில் போன மாட்டுவண்டியைப் பார்த்தேன்.

"இனிமே சாயங்காலம் வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரோடு மறுபடி சகஜமாகப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. அது முழுக்க என் தப்பு.

வீட்டுக்கு வந்தபோது மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கடிதத்தைப் பற்றி நான் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

"எயுதிட்டியா மாமா?"

"எத?"

"வர்ற வயி. நாளைக்குத் திங்கக்கெயம."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். "உனக்குத்தான் எழுதத் தெரியாதே!"

முறத்தை வைத்துவிட்டு எழுந்துபோய், அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பென்சிலையும் ட்ரங்கிலிருந்து என் நோட்டையும் எடுத்துவந்தாள். என் நோட்டின் அட்டையிலேயே எழுதினாள். 'வயி'. அதே உருண்டை எழுத்து. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் முதியோர் கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது, ஆறு மாதமாகப் போயிருக்கிறாள். நான் அட்லஸைப் பார்க்கப் போன அதே நேரத்துக்கு அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள். ஊரில் எவன் எந்த ஸ்டாப்பில் ஏறி எங்கே இறங்குகிறான் என்று சொல்லக்கூடிய எனக்கு இது தெரியாது. அவள் மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அதை அப்போது நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவனிக்காமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

"என்னப் போக விடாம நிறுத்தத்தான் போட்டியா?"

"நிறுத்தணும்னா நோட்டை அடுப்புல போட்டிருப்பேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உன் நோட்டைத்தான் எயுத்துக் கூட்டிக் கூட்டி படிச்சேன். வேற புஸ்தகம் நம்ம வூட்ல ஏது? ஏயு நாடும் படிச்சேன். அடுத்த பக்கம் திருப்புனா ஒண்ணும் இல்ல. அட்டைக்குள்ள பினாங்குக் கடுதாசி கீது. மூணு வாட்டி கேட்டேன். எங்கிட்ட சும்மா இன்னா வேணா சொல்லிடுவே. போலீசுகிட்ட அப்படி சொல்ல மாட்டே. அதான் அவங்களக் கேக்க வெச்சேன். திங்கக்கெயம கெடு வெச்சத எதிர்வூட்ல சொன்னாங்க." மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள். "இப்ப சொல்லு. வருவியா?"

வருவேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பினாங்கு ஓட்டலில் கல்லாவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்பதாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. வரமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. முடிவு செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். என் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"தெரியல" என்றேன்.

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி, எயுது" என்றாள்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஜப்பானிலிருந்து ஹாங்காங், அங்கிருந்து சிங்கப்பூர், கப்பலில் சென்னை, பஸ்ஸில் உத்திரமேரூர். படித்துக் காட்ட வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஹாங்காங்கில் நின்று தடுமாறினாள், நான் உதவப்போக, கையைத் தட்டிவிட்டாள். படித்து முடித்ததும் திரும்பி வரும் தேதியையும் போடச் சொன்னாள். ஒரு தேதியை எழுதி, அடித்துவிட்டு, வேறு தேதி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தாளைத் திருப்பி வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே சாட்சி என்பதை 'சாச்சி' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள். நான் திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏட்டு படித்தார். கீழே வந்ததும் பார்வை நின்றது. கோப்பைத் திறந்து மொட்டைக் கடுதாசியை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"யார்யா இந்தம்மா?"

"என் சம்சாரம் ஏட்டையா."

அவர் இரண்டு காகிதத்தையும் சேர்த்தே குத்தி வைத்தார். "உன்ன நம்பறதா வாணாமான்னு அவங்களே இன்னும் முடிவு பண்ணல போல கீதே."

"நானுந்தான் ஏட்டையா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.