ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கும்பிடு

போன ஆடி மாசம் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் குடித்த காபி வாயோரமாக வழிந்தது. "ஏனுங்க, சூடுங்களா?" என்று கேட்டேன். பதில் குழறியது. வலது கை தொங்கிவிட்டது. பக்கவாதம்.

என் பெயர் சரஸ்வதி. சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். அவர் பேர் கந்தசாமி. கந்தனுக்கும் அவருக்கும் இருந்த உறவு அந்தப் பேரோடு சரி. கிருத்திகை தவறாமல் என்னை மலைக்கோயிலுக்கு வண்டியில் கூட்டிப்போவார். சன்னதிக்குள்ளும் வருவார். ஆனால் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "எனக்குஞ் சேத்து நீயே கும்புட்டுக்க புள்ள" என்பார். கழுத்து மட்டும் வளையாது. அவர் பக்தி எல்லாம் நாட்டுக்கோழிக் குழம்பின் மேல்தான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கைகூட மெல்ல அசைய ஆரம்பித்தது. விழுங்கத்தான் முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில் கஞ்சி ஊற்றினார்கள். தட்டு நிறையச் சாப்பிட்ட மனுசன் குழாயோடு படுத்திருந்தார்.

வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். அன்று கிருத்திகை. கோயில் தீர்த்தம் கொண்டுபோயிருந்தேன். தீர்த்தம் சாப்பாட்டுக் கணக்கில் வருமா என்ன என்று நினைத்து ஒரு ஸ்பூன் வாயில் விட்டேன். அவ்வளவுதான். இருமினார், முகம் கறுத்தது, மூச்சு திணறியது. மறுநாள் காய்ச்சல். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டது என்று மறுபடி ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள்.

வெளியே உட்கார்ந்து அழுதேன். உன் தீர்த்தமே இப்படிச் செய்யலாமா என்று முருகனிடம் சண்டை போட்டேன். பிறகு வேண்டிக்கொண்டேன். "முருகா, அவர் தன் வாயால் சாப்பிடட்டும். உன் முன்னால் அவரைத் தலை குனிய வைக்கிறேன்."

வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. மொட்டையோ காவடியோ என்றால் என் கையில் இருக்கிறது. அந்தக் கழுத்து என் கையிலா இருக்கிறது? இத்தனை வருசக் குடும்பத்தில் முடியாததை இப்படி வாக்குக் கொடுத்துவிட்டேனே!

காய்ச்சல் இறங்கியது. சளியும் கரைந்தது. அதன் பிறகு விழுங்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். வாழப்பாடிக்காரப் பெண், வாய் நிறையச் சிரிப்பு. மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். அதை வைத்து எனக்குப் புரியும்படி அவள் சொன்னாள்.

"தொண்டைக்குக் கீழே ரெண்டு வழிம்மா. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு மூச்சுக்கு. நாம விழுங்கும்போது மூச்சு வழி மூடிக்கும். ஐயாவுக்கு அது மூடறதுக்குக் கொஞ்சம் லேட் ஆகுது. தண்ணி அதுக்குள்ள ஓடிருது. கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும்."

"எத்தன கெட்டிங்க, அம்மணி?"

"பஞ்சாமிர்தம் இருக்கு பாருங்க, அந்தப் பதம். பேரீச்சம்பழம், கல்கண்டு எதுவும் இல்லாம வழவழன்னு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தீர்த்தத்தைக் கொண்டுபோனது நான். முருகன் கொடுக்க நினைத்தது பஞ்சாமிர்தம் போலிருக்கிறது. அவளிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு மறுநாளே வாங்கிவரச் செய்து, பிசைந்து வடிகட்டி அவளிடம் கொடுத்தேன். அவரை நேராக உட்கார வைத்து, அரை ஸ்பூன் வாயில் வைத்தாள்.

"ஐயா, தாடையை நெஞ்சுப் பக்கம் கொண்டுவாங்க. நல்லாத் தலை குனிஞ்சு விழுங்கணும்."

அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். "அவருக்கு அது பழக்கமில்லீங்க" என்றேன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் விசயம் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு குனிந்தார். விழுங்கினார்.

இருமல் வரவில்லை. "ஆ சொல்லுங்கய்யா" என்றாள். குரல் கரகரக்காமல் வந்தது. அடுத்து அவராகவே குழறிக் குழறிச் சொன்னார்: "இன்னொரு வாய்."

ஐயோ, நான் அழுத அழுகை!

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஜவ்வரிசிக் கஞ்சி, மசித்த இட்லி, குழையக் குழையப் பருப்புச் சோறு. சின்ன ஸ்பூன், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய், சாப்பிட்டதும் உடனே படுக்கக் கூடாது. நாக்குக்கும் தொண்டைக்கும் தினமும் பயிற்சி. தீபாவளிக்கு முன்னால் குழாயை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தலை குனிவது மட்டும் நிற்கவில்லை. "என்னுங்க மொதலாளி, சோத்தக் கும்புடறீங்களா?" என்று பட்டறை ஆட்கள் கிண்டல் செய்தார்கள். நான் சமையலறையில் நின்று முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த வாக்கை அவன் சோற்றிலேயே வசூல் செய்துகொண்டிருந்தான்.

தைப்பூசத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டார். பஞ்சாமிர்தத்தில் கட்டியை எல்லாம் பொறுக்கிவிட்டு வாயில் வைத்தேன். சன்னதிக்கு நேர் எதிரே குனிந்தார். விழுங்கினார். நிமிர்வார் என்று நின்றேன். நிமிரவில்லை. தொண்டையில் சிக்கிக்கொண்டதோ என்று பதறிப்போய், "ஏனுங்க, எறங்கிருச்சுங்களா?" என்றேன்.

"அது அப்பவே எறங்கிருச்சு புள்ள" என்றார், குனிந்தபடியே. "சித்த இரு. இது வேற."

உங்கள் வீட்டிலும் யாராவது தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால், புரை ஏறியது என்று தலையில் தட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், முருகனிடமும் சொல்லுங்கள். முடியாததை வேண்டிவிட்டோமே என்று என்னைப் போலப் பயப்படவும் வேண்டாம். நேர்ந்துகொள்வது மட்டும்தான் நம் வேலை. எப்படி வாங்கிக்கொள்வது என்பது அவனுக்குத் தெரியும்.