அவர் நடந்தார் என்று சொன்னேன்

சபையாருக்கு என் ஸ்தோத்திரம். போன மழைக்காலத்தில் இதே மைக்கைப் பிடித்து நான் சொன்ன சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

என் கணவர் செல்வராஜ் இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குடோன் வாசலில் மூட்டையோடு சரிந்தார். வலது கை, கால், பாதி வாய் எல்லாம் போயிற்று. பக்கவாதம் என்றார்கள். மூன்றாம் வாரம் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. விசுவாசத்தில் முந்திச் சொல்லிவிட்டால் கர்த்தர் செய்துவிடுவார் என்று நினைத்து, "என் புருஷன் எழுந்து நடந்தார்" என்று இங்கே சொல்லிவிட்டேன். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள்.

விரல் அதற்குப் பிறகு அசையவேயில்லை.

எந்த முகத்தோடு இங்கே வருவது? வருவதை நிறுத்தினேன். சுள்ளிக்கல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "தூங்குறாரு" என்று வாசலோடு அனுப்பினேன். காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுக் குடோனுக்குச் சுக்கு பொறுக்கப் போவேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும். உள்ளே ஒன்றும் அசையாது. அவர் அழுதாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது. துண்டை எடுத்துத் துடைப்பேன். முழங்காலில் நின்றால் வார்த்தை வராது. ஒருநாள் மட்டும் கேட்டேன்: ஆண்டவரே, அவர் கால் குணமாகவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, எனக்கு அழவாவது வரட்டும்.

அந்த வாரமே, என்னோடு சுக்கு பொறுக்கும் நம் சபை ரோஸி சேச்சி கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தார். வழக்கம்போல வாசலை மறித்தேன். உள்ளேயிருந்து என் கணவர் குழறிக் குழறிக் கூப்பிட்டார்.

"சேச்சி, உள்ள வாங்க. நான் நடக்கல. அவ ஆசப்பட்டு சொல்லிட்டா."

"அது அன்னைக்கே தெரியும் மோனே. குடோன்ல எல்லாருக்கும் தெரியும்," என்றார் சேச்சி. என் பக்கம் திரும்பினார். "இத்தன நாளும் சபைல உனக்கு வேண்டித்தான் பிரார்த்திச்சோம், மோளே."

மீன்கறிப் பாத்திரத்தைப் பிடித்தபடியே அழுதேன். கறி ஆறிப்போகும்வரை அழுதேன். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டி, "இங்க வந்து உக்காந்து அழு" என்றார். எத்தனையோ மாதம் கழித்து அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன்.

அவர் இன்றும் நடக்கவில்லை. அதோ கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். நாலு சகோதரர்கள் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கேட்டதைக் கர்த்தர் தந்தார், அவருக்கு நன்றி. என்னைப்போல வாசலை மறித்து நிற்பவர்கள் யாராவது இருந்தால், உள்ளதை உள்ளபடி கர்த்தரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கிறார்.

இந்தமுறை கைதட்ட வேண்டாம். ஆராதனை முடிந்ததும் இவரைக் கீழே இறக்க வேண்டும். நாலு பேர் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.