எங்கள் நைனா காட்டிய குழி

நைனாவுக்கு வாரம் இரண்டு நாள் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒருநாள் முடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, "நான் செத்தா எங்க நைனா குழியிலயே வெச்சிடு" என்றார். வேறு மகளாக இருந்தால் அழுதிருப்பாள். நான் மறுநாள் காலையிலேயே சர்ச் ஆபீசில் போய் நின்றேன். ஒரு விஷயத்தைச் சும்மா உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்க எனக்கு வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லறையில் புதுக் குழிக்கு இடமில்லை. குடும்பக் குழி இருந்தால் பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அதிலேயே அடக்கம் செய்யலாம். ஆனால் அந்தக் குழி நம்முடையது என்று கோயிலின் இறப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். தாத்தாவின் குழி எனக்கு நன்றாகத் தெரியும். மேற்கு மதிலோரம், கடைசி வரிசை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நைனா அதற்குச் சுண்ணாம்பு அடித்து, சிமெண்டுச் சிலுவையில் தாத்தாவின் பெயரைக் கறுப்புப் பெயிண்டில் புதுப்பிப்பார்.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஒன்றரை மணி நேரம் புரட்டினார். அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்து ஆள் ஒருவரும் இல்லை. "வேற ஊர்ப் பங்குக் கோயில்ல எழுதியிருப்பாங்கம்மா. அறுப்பு வேலைக்குப் போன எடத்துல செத்து, அங்கயே அடக்கம் பண்ணிட்டு, இங்க சிலுவை மட்டும் நட்டிருக்கலாம்" என்றார்.

நைனாவிடம் கேட்டேன். தாத்தா எந்த ஊரில் செத்தார், எந்த வருஷம்?

"அதெல்லாம் இன்னாத்துக்கு? குழிதான் கீதே, தோண்ட வேண்டியதுதானே" என்று சிடுசிடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் அலைச்சல். எனக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டு வழியிலேயே இறங்கி, அந்தப் பக்கத்துக் கல்லறைகளுக்குள் நுழைந்துவிடுவேன். லீவு நாளில் ரயிலேறி செவ்வாப்பேட்டை, திருநின்றவூர். வேலிக்காத்தான் முள்ளை ஒதுக்கி, பாசி படிந்த எழுத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் படிப்பேன். திருநின்றவூரில் கல்லறையை ஒட்டியே மூன்று மாடி பிளாட். பால்கனியில் துணி காயப்போட்ட அம்மாள், "இன்னாம்மா தேடுற?" என்று குரல் கொடுத்தாள்.

"எங்க தாத்தாவை."

"கெடைச்சாரா?"

கிடைத்தார், மூன்று இடங்களில். ஒவ்வொரு முறையும் சிலுவையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து மீதி எழுத்தையும் தேய்த்தேன். ஒருவர் ஊர் வேறு. ஒருவர் நைனாவை விட இளையவர். மூன்றாவது, பத்து மாதக் குழந்தை. இதற்குள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நைனாவுக்குப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு குழி. அதைக்கூட என்னால் வாங்கித் தர முடியாதா என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

கடைசியில் உபதேசியார்தான், "நைனாவோட ஞானஸ்நானப் பதிவைப் பார்ப்போம், அதுல தகப்பன் பேரு, ஊரு இருக்கும்" என்றார். இருந்தது. நைனா பத்து வயதில் தன் அம்மாவோடு ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். தகப்பன் என்ற கட்டத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு இந்துப் பெயர். பக்கத்தில், 'காலஞ்சென்றவர்'. அதாவது தாத்தா கோயிலில் சேராமலேயே செத்திருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நைனாவின் கையில் ஊசி குத்தி மெஷின் ஓடத் தொடங்கியபின் கேட்டேன். இனி அவர் திரும்பிப் படுக்க முடியாது. வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்தேன்.

குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க நைனாவை ஏரிக்கரை சுடுகாட்டுலதான் பொதைச்சாங்க. அது இப்ப ஏதோ கம்பெனி காம்பவுண்டுக்குள்ள போயிடுச்சு."

"அப்போ நீ சுண்ணாம்பு அடிக்கிற குழி?"

"நாங்க கோயில்ல சேர்ந்த வருஷம், மொத கல்லறைத் திருநாள். ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக்கினு வர்றாரு. அல்லாரும் அவங்கவங்க குழியாண்ட நின்னுக்கினு கீறாங்க. எங்கம்மா மட்டும் கல்லறை கேட்டாண்ட ஒதுங்கி நின்னுக்கினு இருந்துச்சு. எங்களுக்குன்னு உள்ள யாருமில்லியே. மதிலோரம் புதுசா மூடின குழி ஒண்ணு. அத்தாண்டயும் யாருமில்ல. நான் போய் நின்னுட்டேன்."

"பேரு?"

"யாருடா இதுன்னு ஃபாதர் கேட்டாரு. எங்க நைனான்னேன். பேரு இன்னான்னாரு. பீடத்துல இருக்கிற புனிதர் பேரைச் சொல்லிட்டேன்."

பத்து வயதுப் பையன் வாய்க்கு வந்தபடி சொன்ன பெயர். அதைத்தான் மூன்று மாதமாக ஊர் ஊராகத் தேய்த்துத் தேய்த்துப் படித்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், எல்லாரும் தத்தம் குழியருகே நிற்கும்போது போக்கிடம் இல்லாமல் நின்ற அந்தப் பையனை நினைத்ததும் நர்சுகள் பார்க்க அழுதுவிட்டேன். "ஏம்மே, நீ ஏன் அழுவுற?" என்று நைனா அதட்டினார்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், நைனா ஞானஸ்நானம் பெற்ற வருஷத்து இறப்பு ஏட்டைத் திறக்கச் சொன்னேன். மேற்கு மதிலோரம் அந்த வருஷம் ஒரே ஓர் அடக்கம். ரயில் பாதையில் கிடந்த ஓர் ஆண். கழுத்தில் ஜெபமாலை இருந்ததால் போலீஸ் கோயிலிடம் ஒப்படைத்திருக்கிறது. பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. உறவினர் என்ற இடத்திலும் ஒரு கோடு.

"இது உங்க தாத்தா இல்லம்மா" என்றார் உபதேசியார்.

"இல்லை."

அவர் ஏட்டை மூடவில்லை. "நான் இங்க வந்த நாள்லேருந்து உங்க நைனாவைத் தவிர அந்தக் குழியாண்ட ஒருத்தரும் நின்னு நான் பார்த்ததில்ல. ஃபாதருகிட்ட நான் பேசுறேன்." பேனா மூடியைக் கழற்றினார். "ஆனா இந்த உறவினர் கட்டத்துல எதையாவது எழுதணும். செத்தவருக்கு உங்க நைனா இன்னா ஆவணும்?"

"மகன்" என்றேன்.