உடம்பில்லாத கொலர்கள்

நம் வீட்டுக் கொடியில் ஒரு காலம் சட்டைகள் இல்லாமல் கொலர்கள் மட்டும் காய்ந்தன. பெரியவனுக்கு நினைவிருக்கும். கடற்காற்று அடித்தால் எல்லாம் ஒன்றாகத் திரும்பும், தலையில்லாத ஆட்கள் யாரையோ பார்ப்பது போல. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே கிணற்றடிக்குப் போவேன். அவை எப்படி வந்தன என்று பிள்ளைகள் உங்களுக்காக எழுதி வைக்கிறேன். அதிகம் படிக்காதவன் நான்; பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

உங்கள் உம்மா காமண்டில், அதுதான் ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். அங்கே ஒருவர் முழுச் சட்டை தைப்பதில்லை. வரிசையாக இருந்து ஒருவர் கை தைப்பார், ஒருவர் உடம்பைப் பொருத்துவார். உம்மாவுக்குக் கழுத்துக் கொலர். பெரியவன் பிறப்பதற்கு முன்பிருந்தே கொலர்தான். கண்ணை மூடிக்கொண்டும் தைப்பார். ஆனால் அந்தக் கொலர் எந்தச் சட்டையில் போய் முடிந்தது என்று அவர் கண்டதேயில்லை.

வெளிநாட்டு ஓடர் நின்றுவிட்டதென்று ஒரு நாள் காமண்டைப் பூட்டினார்கள். நான் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன்; அறுவடை முடிந்தால் எனக்கும் வேலை குறைவு. ஏஜென்சிக்காரர்கள் வீதி வீதியாக, ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார்கள். குவைத்தில் வீட்டு வேலை என்றார்கள். உம்மா பக்கத்தில் இல்லாமல் நீங்கள் வளர வேண்டி வருமோ என்ற பயம் எனக்கு அன்றுதான் பிடித்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வாழ்வாதார உதவி என்று வேலை இழந்தவர்களுக்கு ஆளுக்கொரு தையல் மெசின் தந்தார்கள். கூட்டத்தில் பேசியவர், "இனி நீங்கதான் முதலாளி" என்றார். எல்லோரும் கை தட்டினோம். வீட்டில் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்த பிறகுதான் உம்மா கேட்டார்.

"இதுல நான் என்னத்தத் தைக்கிற?"

"சட்டையத் தையன்."

"எனக்குக் கொலர்தானே தெரியும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பழக்கம் போய்விடக் கூடாதென்று பழைய சாரன், திரைச்சீலை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டிக் கொலராகத் தைத்தார். கஞ்சி போட்டுக் கொடியில் காயவிட்டவை அவைதான்.

பிறகு தன் வரிசையில் இருந்த இருவரைக் கூப்பிட்டார். கை தைக்கிற ராத்தா, வயதில் மூத்தவர், அடுத்த ஒழுங்கை. உடம்பு பொருத்துகிற தங்கச்சி சொறிக்கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். என் பழைய சட்டையைப் பிரித்து அளவெடுத்து, மூவரும் சேர்ந்து ஒரு சட்டையை முடித்தார்கள். எனக்கே போட்டுப் பார்த்தார்கள். கை, என் விரல்களையும் தாண்டித் தொங்கியது.

"என்ன ராத்தா, இது யாருட கை?" என்றார் உம்மா.

"நான் என்ன செய்ய? இவ்வளவு காலமும் வெள்ளைக்காரனுக்குத்தானே தச்ச. எண்ட கைக்கு அந்த அளவுதான் வருகிது."

"அண்ணன்தான் இன்னும் கொஞ்சம் வளரோணும் அக்கா," என்றார் தங்கச்சி. "சோத்தக் கூடப் போடுங்க."

மூவரும் மெசினில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். அந்த ஜன்னலோரம் போகும்போது அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கும்.

அந்த நேரம் பார்த்து, மெசின் தந்த திட்டத்தின் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர். பிளேன்டீ குடித்தார். சட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி மூவரையும் படம் எடுத்தார். "சிரிங்க" என்றார். சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அடுத்த சட்டை முடியுமுன் ராத்தா சவூதிக்குப் போய்விட்டார். கை தைக்க ஆளில்லை என்றானதும் தங்கச்சியும் வருவதை விட்டார். கொடியில் மறுபடியும் கொலர்கள்.

நம் பக்கத்துக்குப் புதிய தொழிற்சாலை வருகிறது என்ற கதை பிறகு உண்மையானது. அரசாங்கம் இடம் கொடுத்திருந்தது. தொழில் இல்லாத பெண்களுக்கே முதலிடம் என்றார்கள். உம்மா அபாயாவை இஸ்திரி போட்டு உடுத்து நேர்முகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் உத்தியோகத்தர் எடுத்த அந்தப் படம்.

"இது நீங்கதானே?"

"ஓம் மிஸ்."

"அப்ப நீங்க சுயதொழில் செய்றவங்க. இது தொழில் இல்லாதவங்களுக்கு."

"நான் கொலர் மட்டும்தான் தைக்கிற, மிஸ்."

"முழுச் சட்டையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே," என்றார் அவர், கோபமில்லாமல்.

உம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடந்தோம். கடற்கரை வீதிக்கு வந்த பிறகு, "அந்தப் படத்துல இரிக்கிறவளுக்கு நல்ல சீவியம் போல" என்று மட்டும் சொன்னார். படத்தில் இருக்கும் அந்தப் பெண் இன்னும் எங்கோ ஒரு கணினிக்குள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். உங்கள் உம்மா பெருநாள் முடிந்து குவைத்துக்குப் போனார்.

போனில் பேசும்போது முதலில் உங்களைக் கேட்பார், பிறகு மெசினைக் கேட்பார். "எண்ணெய் விட்டீங்களா? துருப் புடிச்சிரும்."

நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்து எண்ணெய் விட்டேன். அது உள்ளே இறங்க வேண்டுமென்று, துணி வைக்காமல் மிதித்து ஓட்டினேன். ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவள் மெசின் சத்தம் கேட்டு, "உம்மா! உம்மா வந்துட்டா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

வாசலில் நின்றாள். மூச்சிரைத்தது.

"நீங்களா வாப்பா?"

நான் காலை எடுத்தேன். சக்கரம் தன் பாட்டில் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது.