கறுப்பு வில்லைக்கு இடமில்லை

என் வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டா எனக்கு முதல்ல கோபம்தான் வரும். நல்ல மனுஷன். அதுதான் தொல்லையே. மலாயாவுல நியாலாஸ் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல தச்சு வேலை அவருக்கு. தம்புசாமின்னு கூப்பிடுவாங்க. போகுது, கிழவியான பிறகு பேரைச் சொன்னா என்ன குறைஞ்சிடப் போகுது? நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்து வீட்டுக் கதவு, தொட்டில், பாடை எல்லாம் அவர் கைதான். பேச்சு மட்டும் கிடையாது. வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள அடுப்புல சோறு பொங்கிடும்.

கம்யூனிஸ்ட்காரங்க காட்டுல இருந்து வெள்ளைக்காரனோட சண்டை போட்ட காலம் அது. தோட்டத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி. வேலைக்குப் போறவ ஒரு கவளம் சோறு கட்டிட்டுப் போக முடியாது, காட்டுல இருக்கறவனுக்குக் கொடுத்துடுவோமாம். வீட்டுல அரிசியே வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லி, பொதுக் கொட்டாயில ஆக்கிப் போட்டாங்க. தகர வில்லையைக் காட்டினாத்தான் சோறு. பெரியவங்களுக்கு வட்டம், பிள்ளைங்களுக்குச் சதுரம். இன்னிக்கு ஒரு சட்டம், நாளைக்கு வேற ஒரு சட்டம். ஏன்னு கேட்டா கங்காணிக்கே தெரியாது. எதைச் சொன்னாலும் நம்பற மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க எங்களை.

என் தங்கச்சி பாக்கியலட்சுமி பக்கத்து வீடு. அவ புருஷன் மாயாண்டி ஒருநாள் பால் வெட்டப் போனவன், திரும்பி வரலை. காட்டுக்குப் போயிட்டான்னு பாதிப் பேரு, சிங்கப்பூர்ல எவளோடயோ இருக்கான்னு பாதிப் பேரு. அவளுக்கே தெரியாது பாவம். போலீசு வந்து விசாரிச்சிட்டுப் போச்சு. அதுல இருந்து ஜீப்பு சத்தம் கேட்டாலே அவ கதவைச் சாத்திக்குவா. காட்டுக்காரன் பொண்டாட்டின்னு கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டா என்ன பண்றது? அங்க யாரு இருக்கா அவளுக்கு? பொறந்ததே இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில.

அப்பத்தான் தோட்டத்துத் தொரை பங்களாவுல சமையல் பண்ற கந்தசாமி வந்தான். கையில நாலு வில்லை. வெள்ளை, நீலம், சிவப்பு, கறுப்பு. தகரம் இல்லை, எலும்பு மாதிரி வழவழன்னு கனமா இருந்துச்சு. ஒரு தாள்ல தொரை படமும் போட்டு அனுப்பியிருந்தாரு. மூடி வச்ச மரப்பெட்டி, உள்ள தூக்கி எடுக்கற தட்டு, தட்டுல நீளநீளமா உருண்டைக் குழி. கலருக்கு ஒரு குழி. வெள்ளைக்கு ரொம்ப நீளம், கறுப்புக்குக் குட்டை.

“சனிக்கிழமை போலீஸ் தொரை வர்றாரு. அதுக்குள்ள முடிக்கணுமாம்” என்றான்.

“எதுக்குடா இது?” என்று கேட்டேன்.

சுத்துமுத்தும் பார்த்துட்டுச் சொன்னான். “அக்கா, போன சனிக்கிழமை நான் கண்ணால பார்த்தேன். நம்ம தொரை, பக்கத்துத் தோட்டத்துத் தொரை, போலீஸ் தொரை மூணு பேரும் மேசையில இந்த வில்லைங்களைக் கும்பல் கும்பலா வச்சிருந்தாங்க. கையில அட்டை. அட்டையைப் பார்க்கறாங்க, யோசிக்கறாங்க, ஒரு கும்பலை அந்தப் பக்கம் தள்ளறாங்க. நம்ம தொரைகிட்ட இருந்ததெல்லாம் பக்கத்துத் தோட்டத்துத் தொரைகிட்ட போயிடுச்சு. ஆளுங்களைப் பிரிக்கறாங்கக்கா!”

“சீட்டா இருக்கும்டா, மடையா.”

“சீட்டு எனக்குத் தெரியாதா? சீட்டுன்னா காசு கெடக்கும், கத்தல் இருக்கும், நாலு கெட்ட வார்த்தை இருக்கும். இவங்க எழவு வீட்டுல உக்காந்த மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் பல்லைக் காட்டலை.”

அது சரியாத்தான் பட்டுச்சு எனக்கு. எங்க லயத்துல சீட்டாட்டம் நடந்தா நியாலாஸ் ரோட்டுக்கே கேக்கும். ஆத்தாடி, அந்தப் பேச்சு எப்படித்தான் பரவுச்சோ, சாயங்காலத்துக்குள்ள எங்க வீட்டு வாசல்ல கூட்டம். வெள்ளைன்னா இங்கயே இருக்கலாம், நீலம்னா பக்கத்துத் தோட்டம், சிவப்புன்னா கம்பிவேலி போட்ட புதுக் கம்பம்கற கிராமம், கறுப்புன்னா கப்பல். இப்படி ஒருத்தன். இல்லை, சிவப்புதான் மங்கலம், அதுதான் நல்லதுன்னு இன்னொருத்தன். முத்தாயி ஒரே பிடியா, “எனக்கு வெள்ளை வேணாம்லா, அது தாலியறுத்தவ சேலை” என்று அழுதா. அவ புருஷன் பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் நிக்கறான்! எங்க வீட்டுக்காரரு ஏதோ கலர் கொடுக்கற அதிகாரி மாதிரி முட்டை கொண்டாந்து கொடுத்தாங்க சிலபேரு. இவரு அதையும் வேணாம்னு சொல்லத் தெரியாம வாங்கி அடுக்கி வச்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்.

பாக்கியம் மட்டும் எதுவும் கேக்கலை. வந்து உக்காந்து அந்தக் கறுப்பு வில்லையையே பார்த்துக்கிட்டு இருந்தா. இவரு அவளைப் பார்த்தாரு.

வேலைன்னா அவருக்குச் சாமி மாதிரி. நல்ல மெரந்திப் பலகை எடுத்து, வளைஞ்ச உளியால குழி தோண்டி, மூங்கில் துண்டுல உப்புத்தாளைச் சுத்தி உள்ள தேய்ச்சாரு. வில்லையை நிறுத்தி உருட்டினா இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தட்டாம ஓடும். வெள்ளைக் குழி முடிஞ்சுது, நீலம், சிவப்பு முடிஞ்சுது. கறுப்புக் குழியை மட்டும் விரல் நீளத்துக்குத் தோண்டிட்டு உளியைக் கீழ வச்சுட்டாரு.

“படத்துல இன்னும் இருக்கே?” என்றேன்.

குழியில இருந்த மரத்தூளை ஊதினாரு.

“உங்களைத்தான் கேக்கறேன்!”

“இடம் இல்லைன்னா எப்படி வைப்பாங்க?” என்றாரு.

“தொரை வேலையில விளையாடினா நம்மளையும் சேர்த்துக் கறுப்புல போடுவான், தெரியுமா?” என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உளியை எடுத்து அவர் கையில கொடுக்கலை. பாக்கியம் என் கூடப் பொறந்தவ.

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டுப் பங்களாவுக்குப் போனாரு. அங்க நடந்ததை எனக்குச் சொன்னது கந்தசாமிதான். கிளாஸ் ஏந்திட்டு அங்கயே நின்னிருக்கான். தொரை பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாராம். வில்லையெல்லாம் அடுக்கினாராம். கறுப்பு மட்டும் கை நிறைய மிச்சம்.

எங்க தொரைக்குத் தமிழ் வரும், வாடா போடாத் தமிழ். “ஏண்டா தம்புசாமி, படம் சரியாப் பார்க்கலை?” என்று கேட்டாராம்.

வருஷக்கணக்கா வாய் திறக்காத மனுஷன், அங்க போயா திறக்கணும்? “அவ்வளவு பேரை அனுப்ப வேணாம்யா” என்றாராம்.

தொரைக்குப் புரியலை. திருப்பித் திருப்பிக் கேட்டு, புரிஞ்சதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாராம். இது சூதாட்டம்டா, காசுக்குப் பதிலா வைக்கற வில்லைடான்னு சொல்லி, போலீஸ் தொரைக்கு இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னாராம். அந்த ஆளும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சானாம். சிரிச்சுக்கிட்டே ஏதோ கேட்டானாம். தொரை அதைத் தமிழ்ல கேட்டாரு: “கறுப்பு யாருக்குன்னு நினைச்சே?”

இவரும் சிரிச்ச முகத்தோட, “என் மச்சினிச்சிக்குய்யா. பாக்கியலட்சுமி. மாயாண்டி சம்சாரம்” என்றாராம்.

அன்னிக்கு லயமே சிரிச்சுது. கந்தசாமியைத் துடைப்பத்தாலேயே அடிச்சிருப்பேன், ஓடிட்டான். பாக்கியம் சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ நாளா பார்க்கலை. “அத்தான், எனக்காகவா குழியைக் குறைச்சீங்க?” என்று கேட்டுக் கேட்டுச் சிரிச்சா. இவரு வெக்கப்பட்டு உள்ள போயிட்டாரு.

திங்கக்கிழமை காலையில பேர் கூப்பிடற பெரட்டு முடிஞ்ச கையோட ஜீப்பு வந்துச்சு. நேரா எங்க லயத்துக்கு. பாக்கியலட்சுமி யாருன்னு கேட்டாங்க. எங்கேன்னு சொல்லலை, எத்தனை நாளுக்குன்னு சொல்லலை. ஒரு சேலையை எடுத்துக்கச் சொன்னாங்க. நான் ஜீப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். அவ அழலை. இவரைத்தான் பார்த்தா.

“அத்தான், நீங்க போய்ச் சொல்லுங்க. அந்தத் தொரை உங்ககிட்ட நல்லாச் சிரிச்சுப் பேசினாராமே. நீங்க சொன்னா கேப்பாரு” என்றா.

இவரு பேர் சொன்னதாலதான் வந்தாங்களா, இல்லாட்டியும் வந்திருப்பாங்களா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை. அன்னிக்கு அவரைப் பார்த்துக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். தலையில தலையில அடிச்சுக்கிட்டேன். அவரு சட்டையை மாட்டிட்டுப் பங்களாவுக்குப் போனாரு.

திரும்பி வர்றப்ப தோள்ல புதுப் பலகை.

“என்ன இது?”

“போலீஸ் தொரைக்கும் ஒரு பெட்டி வேணுமாம்.”

“பாக்கியம்?”

“நம்ம தொரைகிட்ட கேட்டேன். போலீஸ் விஷயம், எனக்குத் தெரியாதுன்னுட்டாரு.”

அந்தப் பலகையை எடுத்து அடுப்புல வைக்கணும்போல இருந்துச்சு எனக்கு. மறுநாள் அவரு அளவு போட்டுக் கோடு கிழிச்சாரு. நான் விளக்கைப் பக்கத்துல நகர்த்தி வச்சேன். பெட்டியைக் கொடுக்கப் போறப்ப அந்தப் போலீஸ் தொரையையே நேர்ல பார்த்துப் பாக்கியத்தைப் பத்தி ஒருதடவை கேக்கலாமே, அதுக்குத்தான்.