மீன்தொட்டி மேல் காய்ந்த துணிகள்

நான் பார்த்துக்கொண்டே நின்றதால்தான் அந்த மீன் தன் முட்டைகளைத் தின்றதா? நான் பார்க்காமல் இருந்திருந்தாலும் தின்றிருக்குமா? மூன்று வருஷமாக யோசிக்கிறேன். விலங்கியலில் பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்க்கிறார்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது செத்த மீனை எப்படி அறுப்பது என்பதை மட்டும்தான்.

மீன் ஜோடியை வாங்கி வந்தவர் என் கணவர். அவருக்கு மலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து அலுவலகத்தில் வேலை. திங்கட்கிழமை காலையில் ஜீப் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் உத்தமபாளையத்து வீட்டுக்கு வருவார். நான் பிரசவத்துக்கு என் அம்மா வீட்டில் இருந்தபோது சென்னைக்குப் போனவர், ஆக்சிஜன் அடைத்த இரண்டு பாலித்தீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். பைக்கு ஒன்றாக இரண்டு டிஸ்கஸ் மீன்கள். தோசை போல வட்டமாக, தட்டையாக, உடம்பெல்லாம் நீல வரிகளோடு இருந்தன. மூன்றாம் மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு நான் வந்து இறங்கியபோது, கூடத்தில் தொட்டில் கட்டுவதாக இருந்த மூலையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி நின்றது.

“பாத்தியா, நீ ஒரு ஆளத்தான் கொண்டாந்துருக்க. நான் ஒரு குடும்பத்தையே கொண்டாந்துட்டேன்” என்றார்.

திங்கட்கிழமை அந்தக் குடும்பத்தையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப் ஏறினார். கூடவே டிஸ்கஸ் வளர்ப்பு பற்றி பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த பதினாறு பக்கங்களையும் கொடுத்தார். “நீ படிச்சவதானே, உனக்கு ஈசி.”

நான் படித்தேன். எந்த வேலை கொடுத்தாலும் அடிக்கோடு போட்டுப் படிக்கிறவள் நான். தண்ணீர் எப்போதும் முப்பது டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். போர் தண்ணீர் ஆகாது, ஆற்றுத் தண்ணீர் ஆகும். தினமும் தொட்டியில் கால்பங்கை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். என் மாமியார் ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டில் பிறந்தவர். நான் முதல் வாளியை வெளியே கொண்டுபோகும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“ஏத்தா, தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. இத எதுக்குக் கொட்டுற?”

“அழுக்கு கண்ணுக்குத் தெரியாதுங்க அத்தை. அது இருக்கிறதும் அதுலதான், ஒன்னுக்குப் போறதும் அதுலதான்.”

“அப்ப உன் மகளயும் இப்பிடி நேரத்துக்கு மாத்து. காலையில இருந்து ஈரத்துல கெடக்கா.”

வாளித் தண்ணீரை அவரே வாங்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வாழைக்கு ஊற்றினார். அந்த மீன்களால் ஏதாவது லாபம் உண்டு என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டது வாழை விஷயத்தில் மட்டும்தான்.

பதினாறு பக்கங்களில் ஒரு பத்தியை மட்டும் நான் அடிக்கோடு போடாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன். டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் வேறு எந்தத் தீனியும் சேராது. தாய் தகப்பனின் உடம்பில் ஊறுகிற வழவழப்பைத்தான் கொத்தித் தின்னும். தாய் களைத்துப்போனால் உடம்பைச் சட்டென உதறி ஒரு வெட்டு வெட்டி, குஞ்சுகளைத் தகப்பன் பக்கம் தள்ளிவிடும். மாமியாரிடம் சொன்னேன்.

“தகப்பனுமா ஊட்டுது?”

“ஆமாங்க அத்தை.”

அவர் காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. மகன் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பத்தி எனக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை மகளை எடை போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். நர்ஸம்மா ஒரு அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளிகள் ஏற வேண்டிய கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே போய்க்கொண்டிருந்தன. “பால் பத்துதாம்மா?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நான் நூறு விதமாகக் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் மகள் எத்தனை தடவை குடித்தாள், எவ்வளவு நேரம் குடித்தாள் என்று எழுத ஆரம்பித்தேன். அவள் குடிக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கிற என்னைப் பார்ப்பாள்.

மகளின் நான்காம் மாதத்தில், தொட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த மண் பூந்தொட்டியின் மேல் பெண்மீன் முட்டையிட்டது. கடுகை வரிசையாக ஒட்டியது போலிருந்தது. இரண்டு மீன்களும் மாறி மாறிச் செவுளோரத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்து எண்ணினேன். நோட்டில் மகளுக்குப் பக்கத்துப் பத்தியில் முட்டைகளுக்கு இடம் ஒதுக்கினேன். மறுநாள் மத்தியானம் எண்ணிக்கை பாதியாகியிருந்தது. சாயங்காலம் பூந்தொட்டி சுத்தமாக இருந்தது. பெண்மீன் என் பக்கமாகத் திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடியது.

இரண்டாவது முறை முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் பூந்தொட்டியில் தலை ஒட்டியபடி வால் துடித்துக்கொண்டிருந்தன. பெண்மீன் அவற்றை வாயில் அள்ளியதைப் பார்த்து நான் கண்ணாடியைத் தட்டி விரட்டினேன். அது குஞ்சுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தது என்பது பிறகு பதினோராம் பக்கத்தில் தெரிந்தது. தட்டியதும் பயந்து வாயில் இருந்ததை விழுங்கிவிட்டது. மூன்றாவது முறை நான் தட்டவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அதற்கும் அதே கதிதான்.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள். ரவிக்கை வாங்கப் போனபோது மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

“என்னம்மா, உன் மீனு இந்தத் தடவையும் பிள்ளைகளைத் தின்னுருச்சாமே?”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“உங்க அத்தைதான். துக்கம் மாதிரி சொல்லிட்டுப் போனாக. பாவம், ஒரு பிள்ளையவாச்சும் உருப்படியா வளக்கட்டும்னாக.”

மாமியார் மீனைத்தான் சொன்னார். மீனைத்தான் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலம் மகளுக்கு வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடுதலாகப் பால் கொடுத்தேன். இரண்டையும் அவள் கக்கினாள்.

சனிக்கிழமை கணவர் தொட்டியைச் சுற்றி வந்தார். “சில ஜோடி அப்பிடித்தானாம். தாயா இருக்கத் தெரியாதாம். மதுரையில ஒரு கடைக்காரர் எடுத்துக்கிறேன்னாரு. குடுத்துட்டு வேற ஜோடி பாப்பமா?”

“இன்னும் ஒரு தடவை பாத்துட்டுக் குடுக்கலாங்க.”

“ஒரு தடவதான். அதுவும் தின்னுச்சுன்னா மதுரைக்கு.”

சரி என்றேன். அதற்குப் பிறகு எனக்கு அது மீன் விஷயமாக இல்லை. தாயாக இருக்கத் தெரியாது என்று அதை மதுரைக்கு அனுப்பிவிட்டால், அந்தக் கூடத்தில் அப்படி மிச்சமிருப்பது நான் மட்டும்தான் என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை எங்கே மதுரைக்கு அனுப்பப்போகிறோம் என்று சிரித்திருப்பார்கள்.

நான்காவது முட்டைகள் வந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கு மலையிலிருந்து ஊதைக்காற்றோடு நாள் முழுவதும் தூறும். நனைத்தது எதுவும் காயாது. மகளுக்கு ஏழு மாதம். சளி பிடித்து, காய்ச்சல் வந்து, வயிறும் போனது. அவளுக்குக் கட்டுகிற வேட்டித் துணிகள் முப்பதும் ஈரம். கொடியில் கிடந்து நாறின. வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று, முப்பது டிகிரி தண்ணீரும் மேலே எரியும் குழல்விளக்குமாக இருந்த மீன்தொட்டி. அதன் மேல் துணி போடக்கூடாது, சோப்புத் தண்ணீர் உள்ளே சொட்டிவிடும் என்று நான் வந்த முதல் வாரமே சட்டம் போட்டிருந்தேன். மாமியாரும் இத்தனை நாள் அதை மதித்திருந்தார்.

முட்டை பொரிந்த அன்று காலையில், காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. மகள் என் புடவையை நனைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். மாமியார் பிழிந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

“போடட்டா, வேண்டாமா? நீயே சொல்லு. அப்பறம் என் மீன அத்தை கொன்னுட்டாகன்னு பேச்சு வரக்கூடாது.”

தொட்டியைப் பார்த்தேன். பெண்மீன் மூலையில் நின்று விசிறிக்கொண்டிருந்தது. மகள் தும்மினாள்.

“போடுங்க அத்தை. நல்லா அலசியிருக்குல்ல?”

“ஆத்தாடி, துணி அலசக் கத்துக்குடு இனி.”

மேல்மூடியில் நான்கைந்து, முன்பக்கக் கண்ணாடியை மூடியபடி தரைவரைக்கும் தொங்குகிற மாதிரி பத்துப் பதினைந்து. பக்கவாட்டில் என் உள்பாவாடை ஒன்று. பத்து நிமிஷத்தில் தொட்டி இருந்த இடத்தில் ஒரு துணிக் குவியல்தான் இருந்தது. மதுரைக்காரருக்கு மீன் போய்ச் சேர்ந்தது என்று மனதுக்குள் முடித்துக்கொண்டு மகளைத் தூக்கித் தோளில் போட்டேன்.

பிறகு ஐந்து நாள் நான் தொட்டிப் பக்கம் போகவில்லை. மகளுக்கு மருந்து, கஞ்சித் தண்ணீர், மறுபடி டாக்டர். நோட்டில் இரண்டு பத்தியும் காலி. மீனுக்குத் தீனி போட்டது மாமியார்தான். ஒரு துணியை ஓரமாகத் தூக்கி, உள்ளே பார்க்காமல், பூஜையறையில் பூப்போடுவது போலப் போட்டுவிட்டு வந்துவிடுவார். அவருக்கு அந்த மீன்களைப் பார்ப்பதில் எந்த ஆர்வமும் இல்லை. மின்சாரம் தினமும் போய்ப் போய் வந்தது. தண்ணீர் ஒரு நாளும் மாற்றவில்லை.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கி, மகள் சிரித்தாள். காய்ந்த துணி எடுக்கப் போனேன். முன்பக்கத்தில் ஒன்றை உருவியதும் கை அளவுக்கு இடைவெளி தெரிந்தது. உள்ளே இரண்டு மீன்களும் வரிகளே தெரியாமல் கறுத்துப்போயிருந்தன. நோய் என்று நினைத்தேன். பிறகுதான் பெண்மீனின் விலாவில் ஏதோ அசைவதைக் கண்டேன். கேழ்வரகைத் தூவியது போலக் குஞ்சுகள் அதன் உடம்பெங்கும் ஒட்டிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தன. குஞ்சுகளுக்கு ஊட்டுகிற நாளில் டிஸ்கஸ் கறுப்பது வழக்கம்தான் என்று அப்போதுதான் நினைவு வந்தது. அது அசையாமல் நின்றது. சற்று நேரத்தில் உடம்பை ஒரு வெட்டு வெட்டியது. அத்தனையும் ஒரு மேகம் போலக் கிளம்பித் தகப்பன் விலாவுக்குப் போயின.

நான் எண்ணவில்லை. உருவிய துணியைத் திரும்ப அங்கேயே தொங்கவிட்டேன்.

“அது காஞ்சுருச்சுல்ல, எதுக்கு மறுபடியும் போடுற?” என்றார் மாமியார்.

“இன்னும் கொஞ்சம் காயட்டும் அத்தை.”

சாரல் விட்டு வெயில் வந்தது. வாசல் கொடி காலியாகக் கிடக்க, நான் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து தொட்டியில் காயப்போட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். சனிக்கிழமை வந்த கணவர் அசந்துபோய், துணி மூடியதால் கரண்ட் போனாலும் சூடு இறங்கவில்லை, அதுதான் காரணம் என்றார். தையல்கார அக்கா, கண்ணு படாமல் இருந்ததுதான் காரணம் என்றார். மாமியாரிடம் கேட்டேன். “எனக்குத் துணி காஞ்சுச்சு, அவ்வளவுதான்” என்றார். யாரும் எனக்கு முன்னால், நீ அங்கன நிக்காம இருந்ததுதான் காரணம் என்று சொல்லவில்லை. அது அவர்களுடைய நல்ல மனசா, அவர்களுக்குத் தோன்றவே இல்லையா என்பதையும் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில், நான் சூட்டின் அளவுக்கு அடிக்கோடு போட்டிருந்த வரிக்கு அடுத்த வரியிலேயே, முட்டையிட்ட ஜோடியை ஆள் நடமாட்டம் தெரியாமல் மறைத்து வைக்கவும் என்று எழுதியிருந்தது.

மீன்கள் மதுரைக்குப் போகவில்லை. ஆனால் நான் திருந்திவிடவும் இல்லை. மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிரிக்க வேண்டும் என்று படித்திருந்தும், பாவம் இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போட்டேன். பெண்மீனின் விலா கொத்துப்பட்டு வெளுத்து, புண்ணாகி, அது தீனி எடுப்பதை நிறுத்திய பிறகுதான் கணவர் வந்து குஞ்சுகளைச் செம்பால் மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றினார். அப்போதும் பார்த்துக்கொண்டு நின்றது நான்தான். மகளின் புள்ளி இன்றைக்கும் கோட்டுக்கு ஒரு நூல் கீழேதான். அவள் நன்றாக ஓடுகிறாள், நன்றாகத் திட்டுகிறாள்.

வருகிற மாதம் அவளைப் பள்ளியில் விடுகிறோம். “கேட்டுல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருங்க, ஜன்னல் வழியா எட்டிப் பாக்கிற வேலையெல்லாம் வேண்டாம்” என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். என்னை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. முந்தாநாள் பெண்மீன் மறுபடி முட்டையிட்டிருக்கிறது. இடையில் இரண்டு முறை துணி போட்டேன், பிழைத்தன. ஒரு முறை போட்டும் தின்றது. அன்று நான் துணியைத் தூக்கிப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது கோடை. சளி இல்லை, சாரல் இல்லை, மகள் துணி கட்டுகிற வயதையும் தாண்டிவிட்டாள். தொட்டியில் காயப்போட வீட்டில் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு போர்வையைப் போட்டு மூடினால், அதைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆகவே மீன் வளர்ப்பவர்களோ, பிள்ளை வளர்ப்பவர்களோ இதைப் படித்தால் எனக்கு ஒன்று எழுத வேண்டும். எதை மூடுவது என்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். மூடிய பிறகு அந்த ஐந்து நாள் நீங்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? முட்டை பொரிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது.