நம்ம வீட்டுக்குள் வராத பைத்தான்

செகந்திராபாத்தை அடுத்த ஜீடிமெட்லாவில் மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் எனக்கு இருபத்தேழு வருட வேலை. சோதனை முடிவுகளைக் கணினியில் வரைபடமாகப் போட்டுப் பார்க்க எங்களுக்கு ஒரு பயிற்சி தரப்போவதாகப் போன வருடம் அறிவிப்பு வந்தது. பைத்தான் என்கிற நிரல்மொழி, எட்டு சனிக்கிழமை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம். நான் பாட்டுக்கு அந்தக் காகிதத்தை மடித்து வைத்திருப்பேன். பக்கத்து மேசையில் இருக்கும் சின்னப் பெண் ஒருத்தி, "மீக்கெந்துக்கு மேடம் இவன்னீ?" என்று தெலுங்கில் கேட்டாள். உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்டது உண்மையான அக்கறையோடுதான். அந்த அக்கறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே பெயர் கொடுத்தேன்.

முதல் வகுப்பு முடியும்போது ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் தந்தார். அவரவர் கணினியில் பைத்தானை நிறுவ வேண்டும், கூடவே வரைபடம் போட உதவும் ஒரு தொகுப்பையும் இறக்கிக்கொள்ள வேண்டும். "அஞ்சு நிமிஷ வேலை" என்றார். எனக்கு ஆறு நாள் ஆனது.

எங்கள் வீட்டுக் கணினி மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. இப்போது மகள் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். கணினி செகந்திராபாத்திலேயே எங்களோடு தங்கிவிட்டது. அதில் மின்கட்டணம் கட்டுவோம், ரயில் டிக்கெட் எடுப்போம், என் கணவர் பழைய பாட்டுக் கேட்பார். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

சனிக்கிழமை மாலையே உட்கார்ந்தேன். கோப்பை இறக்கினேன், சொடுக்கினேன், பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஓடியது, வெற்றிகரமாக முடிந்தது என்று அதுவே சொன்னது. ஆசிரியை சொன்னபடி கறுப்புத் திரையைத் திறந்து மொழியின் பெயரைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் கல்யாணம் நடந்தது, அதற்குள் மாப்பிள்ளை யார் என்று கேட்கிறது. மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பாத் தக்கர டிக் பெட்டாவா?" என்றாள். பாத் என்ற இடத்தில் டிக் போட்டாயா என்று கேட்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான்.

"எந்த டிக்? டிக்கே இல்லயேடி."

"உந்தி மா. ஃபர்ஸ்ட் ஸ்க்ரீன்லோ கிந்த. நுவ்வு சூடலேது."

முதல் திரையில் கீழே இருக்கிறது, நீ பார்க்கவில்லை என்கிறாள். இருபத்தேழு வருடமாக ஒரு துளி அதிகமா குறைவா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே என்று கோபமாக இருந்தது. மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது. கடைசி வரியில், ஒரு சின்னக் கட்டம்.

இதற்குள் என் கணவர் வந்துவிட்டார். நாச்சாரத்தில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவர் மேற்பார்வையாளர். அவருடைய தாத்தா காலத்தில் ரயில்வே பணிமனை வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். தமிழை விடவில்லை, ஆனால் இந்த ஊர்ச் சொல்லையும் வழியெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். எதற்கு என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு இவ்ளோ டென்ஷன்? தள்ளு, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பெட்டியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இது பெட்டிக்குள்ள இருக்கிற கோளாறு இல்லீங்க."

"எல்லாமே பெட்டிக்குள்ளதான் இருக்கு. வேற எங்க இருக்கும்?"

அரை மணி நேரம் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினார். மூலையில் செத்துக் கிடந்த ஒரு கரப்பானைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்து காட்டி, "பாத்தியா, இதான்!" என்றார். பெட்டியை மூடினார். நான் இருந்ததை நீக்கிவிட்டு, இந்த முறை அந்தக் கட்டத்தில் டிக் போட்டு, மறுபடி நிறுவினேன். கறுப்புத் திரையில் பதிப்பு எண் வந்தது, அதன் கீழே மூன்று அம்புக்குறி வந்து எனக்காகக் காத்திருந்தது. இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னேன். நான்கு என்றது. நம்பாமல் இன்னொரு தரமும் கேட்டேன். கணவர் எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ பாடு? உங்க லேப்ல கால்குலேட்டர் கிடையாதா?" என்றார். அது ஓடியதற்குக் காரணம் கரப்பான் வெளியே போனதுதான் என்று தொழிற்சாலையில் திங்கட்கிழமை நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

உண்மையான கஷ்டம் அதன் பிறகுதான் வந்தது. வரைபடத் தொகுப்பை இறக்கும் வரியைத் தட்டினால், கொஞ்ச தூரம் சமர்த்தாகப் போய்விட்டு, திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாக எழுத்துகள் கொட்டின. முப்பது நாற்பது வரி இருக்கும். மகள் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னாள். கைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன்.

"ஸ்க்ரீன்ஷாட் அண்டே ஃபோட்டோ காது மா. இதுல ட்யூப்லைட்டும் அப்பா முகமும்தான் தெரியுது" என்றாள். ஸ்க்ரீன்ஷாட் என்றால் ஃபோட்டோ இல்லை என்று தெலுங்கில் ஆரம்பித்தவள்தான், எரிச்சல் வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

இணையம் மெதுவாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். திங்கட்கிழமை வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து செய்யச் சொன்னாள். புதன்கிழமை, "நுவ்வு ஏதோ மிஸ் சேஸ்துன்னாவு மா" என்றாள். நீ எதையோ விடுகிறாய் என்பதை ஐந்து வகையாகச் சொல்லத் தெரிந்த பெண். வேலை முடிந்து களைத்து வந்து போனில் பேசுகிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அந்த வாரம் என் வயதின் மேல் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. கண் தெரியவில்லையோ, சொன்னது மண்டையில் ஏறவில்லையோ என்று சமையலறையில் நின்றுகொண்டு யோசித்தேன். பயிற்சியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். பக்கத்து மேசைப் பெண்ணின் முகம் வந்து தடுத்தது.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் ஒரு மாத்திரையின் சோதனை முடிவு வரம்புக்கு வெளியே வந்தது. அப்படி வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. யார் மேலும் பழி போடக் கூடாது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்துத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். புதிய ஆளுக்கெல்லாம் நான்தான் இதைச் சொல்லித் தருகிறேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் ஐந்து நாளாக நான் செய்ததெல்லாம் பூசாரி மாதிரி ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான்.

மதிய இடைவேளையில் அனுமதி வாங்கிக்கொண்டு அலுவலக மடிக்கணினியில் அதே பைத்தானை அதே வரிசையில் நிறுவினேன். தொகுப்பு ஒரு முனகல்கூட இல்லாமல் இறங்கியது. ஆள் அதே ஆள், கை அதே கை. அப்படியானால் தப்பு என்னிடம் இல்லை. அன்று டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதம் மிகவும் நன்றாக இருந்தது.

மாலை வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அலுவலகத் திரையில் வந்த வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அதில் கோப்புகள் போய் உட்காரும் இடத்தின் முகவரியில் என் ஊழியர் எண் இருந்தது. வீட்டுக் கணினியில் அதே இடத்தில் கேள்விக்குறிகள் இருந்தன. ஐந்து நாளாக அவற்றையும் கணினியின் திட்டலில் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். நான்கு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு கேள்விக்குறி.

ஒரு தாளில் 'நம்ம வீடு' என்று எழுதினேன். ந, ம, ஒரு புள்ளி, இன்னொரு ம. நான்கு. வ, அதன் மேல் சுழி, ட, அதன் கீழ் வளைவு. நான்கு.

அதுதான் எங்கள் கணினியின் பயனர் பெயர். அதன் கதையைச் சொல்ல வேண்டும். கணினியைப் பொருத்த வந்த கடைக்காரர் பெயர் கேட்டபோது என் கணவர் தமிழில்தான் வேண்டும் என்றார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. என் கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் தெரிந்த விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகக் கைகாட்டி, அரை மணி நேரத்தில் அந்த இரண்டு சொல்லையும் போடவைத்தார். "பொண்ணுதான் தமிழ்ல பேச மாட்டேங்குது, கம்ப்யூட்டராவது பேசட்டும்" என்றார். அதிலிருந்து தினமும் அதைத் திறந்தால் நடுவில் 'நம்ம வீடு' என்று வரும். அவருக்கு அதில் ஒரு திருப்தி. இந்தப் புதிய தொகுப்புக்கோ அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியவில்லை. வாசல் வரை வந்து, பெயர்ப்பலகை புரியாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கணவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன்.

"நக்கோ" என்றார். "பேரை மாத்தற பேச்சே நக்கோ. அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியலன்னா அது அதோட கோளாறு. நீ வேற ஏதாவது மொழி கத்துக்கோ."

"எங்க வேலைக்கு இதுதாங்க வேணும்."

"இத்தனை வருஷமா இந்தப் பேரை வச்சுக்கிட்டு கரன்ட் பில் கட்டலயா? ரயில்வேக்காரன் ஒத்துக்கிட்டான், கரன்ட் ஆபீஸ் ஒத்துக்கிச்சு. இதுக்கு மட்டும் என்ன?"

மகளுக்கு அவரே போன் போட்டார். நான் கண்டுபிடித்ததை, அவரே கண்டுபிடித்தது போலப் புகாராகச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "அய்யோ, நான் அதை யோசிக்கவே இல்லப்பா" என்று தமிழிலேயே சொன்னாள். பயனர் பெயரை மாற்றினாலும் உள்ளே கோப்புறையின் பெயர் பழையபடியேதான் இருக்கும், அதனால் மாற்றியும் பிரயோஜனம் இல்லை, ஆங்கில எழுத்தில் தனியாக இன்னொரு பயனரைச் சேர்த்துவிட்டால் போதும் என்றாள்.

"அப்போ நம்ம வீடு அப்படியே இருக்கும்?" என்று கேட்டார்.

"இருக்கும்பா. பக்கத்துல இன்னொண்ணு வரும், அவ்ளோதான்."

"ஹவ், அப்படின்னா சரி. ஒரு போர்ஷன் விட்ட மாதிரி."

அதையே பெயராக வைத்தோம். ஆங்கில எழுத்தில் 'போர்ஷன்' என்று நானே தட்டினேன். அவர் பின்னால் நின்று, குடிவருபவரை நோட்டம் விடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் போர்ஷனில் பைத்தானை ஏற்றி, டிக் போட்டு, தொகுப்பை இறக்கும் வரியைத் தட்டினேன். ஒரு சிவப்பு எழுத்துகூட வரவில்லை. நான் எழுந்து போய்க் காபி போட்டேன். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு டம்ளர் நானே குடித்தேன்.

சனிக்கிழமை காலை மகள் மெட்ரோ ஏறி வந்துவிட்டாள். தானே உட்கார்ந்து சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு வந்தவள், எல்லாம் ஓடுவதைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். மேசையில் இருந்த என் நோட்டைப் புரட்டினாள். ஆய்வகப் பழக்கத்தில் ஒவ்வொரு முயற்சியையும் தேதி, நேரத்தோடு அதில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். மூன்றாவது முயற்சி: மகளின் யோசனை, வைரஸ் தடுப்பு அணைக்கப்பட்டது, தோல்வி. நான்காவது முயற்சி: மகளின் யோசனை, தோல்வி. அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, நிஜமாவே இப்படித்தான் எழுதுவியா?"

"தணிக்கைக்கு வந்தா காட்டணுமில்ல" என்றேன்.

அவள் என் தோளில் ஒரு அடி அடித்தாள். அப்புறம், "ஸாரி மா. நீதான் ஏதோ தப்பு பண்றேன்னு நினைச்சேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைய வகுப்பில், நிறுவ முடியாதவர்கள் சொல்லுங்கள் என்று ஆசிரியை கேட்டார். நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள். ஒருவர் தன் திரையைக் காட்டினார், அதே சிவப்பு வரிகள், நடுவில் கேள்விக்குறிகள். ஆசிரியை இணையம் சரியாக இருக்கிறதா என்று ஆரம்பித்தார். நான் ஒலிவாங்கியைத் திறந்து, "சார், உங்க கணினியில யூசர் பேரு தெலுங்குலயா இருக்கு?" என்று தெலுங்கில் கேட்டேன். அவர் திகைத்துப்போய், "அவுனு மேடம், மீக்கெலா தெலுசு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்பதை அவருக்கு விவரமாகவே சொன்னேன். சொல்லும்போது, அதே பயிற்சியில் சேர்ந்திருந்த பக்கத்து மேசைப் பெண்ணின் படமும் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நான் போட்ட முதல் வரைபடம் என் கணவருடைய சர்க்கரை அளவு. காலையில் வெறும் வயிற்றில் அவர் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பதைத்தான் ஒரு மாதத்துக்கு எடுத்துப் போட்டேன். கோடு சமவெளியில் நடந்து வந்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு குன்றில் ஏறி இறங்கியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு நடைப்பயிற்சிக்குப் போகிறவர் அவர்.

"நடந்துட்டு அப்படியே எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"இரானி டீ குடிப்போம். ஒண்ணு ரெண்டு உஸ்மானியா பிஸ்கட்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு மூணு" என்றார்.

மகள் சமையலறையிலிருந்து, "அப்பா, கரெக்டா சொல்லுங்க!" என்று தமிழில் கத்தினாள். அவர் வரைபடத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார், டாக்டரிடம் காட்டுவதற்காம். டாக்டரிடம் காட்டினாரோ இல்லையோ, அடுத்த மாதத்துக் கோட்டில் குன்றுகள் கொஞ்சம் உயரம் குறைந்திருந்தன.